நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த கரிய உலகம்: அதை எடை போட்டது ஒரு ஜவ்வரிசி!

[காட்சி: ஏற்காடு, லேடீஸ் சீட். இரவு. கீழே சேலத்தின் விளக்குகள்.]

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்து ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து 250 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் உலகத்தைக் கண்டுபிடித்தார். சேலத்திலிருந்து சிவகாசிக்கு நேர்கோடு போட்டால் வருகிற தூரம் அது. அதற்கு நிலா இருக்கிறது என்று தெரியவர இன்னும் 132 வருஷம் ஆனது. அந்த நிலாவின் அளவைத்தான் இன்றைக்கு இந்த மலைமேல் வைத்துக் காட்டப் போகிறேன்.

வணக்கம் மக்களே! முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள் பட்டை இருக்கிறது. அதன் வெளி ஓரத்தில் சுற்றுகிற பெரிய சிறுகோள்களில் ஒன்று கமில்லா. வரிசை எண் 107. சூரியனை ஒருமுறை சுற்றி வர ஆறரை வருஷம் ஆகும். தன்னைத்தானே சுற்ற 4 மணி 50 நிமிடம் போதும். சேலத்தில் ஏறிய பஸ் சென்னை போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு நாள் முடிந்துவிடும்.

கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன், மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர். 1868 ஆகஸ்ட் 18 அன்று மசூலிப்பட்டினத்தில் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தார். மூன்றே மாதத்தில், நவம்பர் 17 இரவு, கமில்லாவைப் பிடித்தார். வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கம் அப்போது வரவில்லை. நட்சத்திர வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத புள்ளி எது, நகர்கிற புள்ளி எது என்று கண்ணாலேயே தேட வேண்டும். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ் எழுத்தோடு இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னைப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே ஒருமுறையாவது கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இப்போது மாம்பழம்.

[காட்சி: கல் திட்டின் மேல் ஒரு பெரிய மல்கோவா.]

இதுதான் கமில்லா. ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர் கணக்கு. மாம்பழம் பொருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் கமில்லா உருண்டை இல்லை. நீளவாக்கில் சுமார் 340 கிலோமீட்டர், குறுக்கே குறைந்த பக்கம் 200. ஆனால் நிறம் இப்படி இல்லை. மேலே விழுகிற வெளிச்சத்தில் 100க்கு 5 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் பழத்தின் மேல் அடுப்புக்கரியை நன்றாகப் பூசிவிடுகிறேன். கையெல்லாம் கரி, பரவாயில்லை.

அடுத்து நிலா. வீட்டில் அம்மா பாயசத்துக்கு ஊறவைத்த ஜவ்வரிசியில் ஒன்றை எடுத்து வந்தேன். உப்பி அரை சென்டிமீட்டர் இருக்கிறது. அவ்வளவுதான் நிலா! நிஜத்தில் சுமார் 12 கிலோமீட்டர். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ஏரிக்குக் காக்கை பறக்கிற தூரம்கூட வராது. பழத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கிறேன். இன்னொரு குட்டி நிலாவும் உண்டு, 2016இல் அறிவித்தார்கள். அதற்கு ஒரு கடுகு, ஒரு சாண் தூரத்தில்.

இந்தக் கணக்கில் சூரியன் எங்கே இருக்கும், சொல்லுங்கள். அந்தப் பாறைக்கு அப்பாலா? சேலம் ஜங்ஷனிலா? மதுரையில்! அரைக் கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள நெருப்புப் பந்து மதுரையில், இந்தப் பழம் ஏற்காட்டில். நம் பூமி 5 மீட்டர் உருண்டையாகத் திண்டுக்கல் தாண்டி நிற்கும். அங்கிருந்து பார்த்து, கரி பூசிய பழத்துக்குப் பக்கத்தில், அதைவிட 400 மடங்கு மங்கலான ஜவ்வரிசியைக் கண்டுபிடிக்க வேண்டும். 2001 மார்ச்சில் ஹப்பிள் தொலைநோக்கி அதைச் செய்தது. கணக்குப் போட்ட அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனை பாடு எதற்கு? எடை போடத்தான். கமில்லாவை எந்தத் தராசில் வைப்பது? நிலாதான் தராசு. பெரிய நிலா 1,250 கிலோமீட்டர் தூரத்தில் 3.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இழுக்கிற பொருள் கனமாக இருந்தால் வேகமாகச் சுற்றும், லேசாக இருந்தால் மெதுவாக. தூரமும் நாளும் தெரிந்தால் எடை வந்துவிடும். எடையைப் பருமனால் வகுத்தால்? ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. நான் உட்கார்ந்திருக்கும் இந்தச் சேர்வராயன் மலைப்பாறையில், சார்னோக்கைட் என்பார்கள், அதே அளவு வெட்டினால் சுமார் 2.7 கிலோ. கமில்லாவில் வெட்டினால் கிட்டத்தட்ட 1.3 கிலோதான்!

அவ்வளவு பெரிய உருவத்துக்குள் கெட்டிப்பாறை மட்டும் இருந்தால் இந்த எடை வராது. உள்ளே பனிக்கட்டியும் வெற்றிடமும் கலந்திருக்க வேண்டும். எப்போதோ ஒரு மோதலில் தெறித்த துண்டுகள் சேர்ந்துதான் நிலாக்கள் ஆகியிருக்கும் என்பது பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அப்புறம், போக்சன் 1866இல் மெட்ராஸிலிருந்தே கண்டுபிடித்த சில்வியாவும் இதே வெளி ஓரத்துக் கரிய சிறுகோள்தான். அதற்கும் இரண்டு நிலா! அது அடுத்த வீடியோவில். அதற்குள் உங்கள் வீட்டு மாம்பழம், ஜவ்வரிசி, கடுகு மூன்றையும் சாணும் முழமும் அளந்து வைத்து, படம் எடுத்து அனுப்புங்கள்.