ஒரே ஃபோல்டரில் மழையும் கைதட்டலும்

வணக்கம் நேயர்களே. முப்பது வருடமாக டப்பிங் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவன் நான். இன்று மைக்குக்கு எதிரே உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தமிழ் சினிமாவில் திருநங்கைகள் என்று தலைப்பு கொடுத்தார்கள். கதை, நடிப்பு பற்றியெல்லாம் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குக் காதுதான் தொழில். அதனால் குரலைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய காமெடிக் காட்சி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதலில் கைதட்டல். ஆள் வருவதற்கு முன்பே தட்டல் வந்துவிடும், தியேட்டரும் சிரித்துவிடும். அப்புறம் இழுத்து இழுத்து ஒரு குரல். நான் பதிவு செய்தவற்றில் முக்கால்வாசி, மிமிக்ரி தெரிந்த ஆண்கள் பேசியது. அந்தத் தட்டலைக்கூடப் புதிதாக எடுக்கமாட்டோம். ஹார்ட் டிஸ்க்கில் மழை, நாய்க் குரைப்பு, கதவு கிறீச்சிடுவது, கூடவே இது. எல்லாம் ஒரே ஃபோல்டர். யாருடைய கை என்று நான் கேட்டதே இல்லை.

ஒருமுறை, ஒரு படத்தில் நிஜமாகவே ஒரு திருநங்கை நடித்திருந்தார். காமெடி இல்லை, அழுகிற காட்சி. மொத்தம் நாலு வரி. தானே பேசுகிறேன் என்று வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது டேக்கிலேயே உதடு கச்சிதமாக ஒட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த இணை இயக்குநர் கிசுகிசுத்தார்: "ஹார்மோன் எடுக்கிறவங்கதானே சார், குரல் ஏன் இவ்வளவு கட்டையா இருக்கு?"

உள்ளே இருப்பவரிடம் பேச அழுத்துகிற டாக்பேக் பட்டனிலிருந்து நான் விரலை எடுத்திருக்கவில்லை. உள்ளே இருப்பவருடைய ஹெட்போனில் அது அப்படியே விழுந்துவிட்டது.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அண்ணே, கேக்குதுண்ணே" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "இன்னொரு டேக் போலாமா?" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. பருவ வயதில் தடித்துவிட்ட குரல்நாண், பிறகு ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் மெலிவதில்லை. குரல் மாறுவது பயிற்சியால்தான். அதையும் எல்லோரும் விரும்புவதில்லை. படம் வந்தபோது வாய் அவருடையது, குரல் வேறொரு பெண்ணுடையது. பாருங்கள், சிரிக்க வைக்க ஆண் குரல், அழ வைக்கப் பெண் குரல். அவருடைய குரல் எதற்கும் தேவைப்படவில்லை!

தொலைக்காட்சி இதில் சினிமாவை முந்திக்கொண்டது. 2008இல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்'. ஒரு திருநங்கை தன் சொந்தக் குரலில் விருந்தினர்களைக் கேள்வி கேட்டார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். செய்தி வாசிப்பில் எனக்குப் பிடித்தது இதுதான்: அங்கே கைதட்டல் கிடையாது. மழை வரும் என்றால் மழை வரும், அவ்வளவுதான்.

சினிமாவில் 2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 'பேரன்பு', அஞ்சலி அமீர் என்ற திருநங்கையே நடித்தது. மார்ச்சில் 'சூப்பர் டீலக்ஸ்', திருநங்கையாக விஜய் சேதுபதி நடித்தது. தேசிய விருது இரண்டாவதற்கு. அவர் நன்றாகத்தான் நடித்தார், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு முதலாவதற்கு.

சொற்களுக்காவது ஒரு வழி பிறந்தது. உயர் நீதிமன்றம் சொல்லி, 2022இல் தமிழக அரசு இவர்களைக் குறிக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று அரசிதழிலேயே பட்டியல் போட்டது. சத்தத்துக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் ஃபோல்டர் அப்படியேதான்...

சரி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தானாம். பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் அவர்கள் குரல் உண்மையிலேயே இறங்கும், டப்பிங்கில் தகராறே வராது. ஆனால் முப்பது வருடத்தில் ஒரு திருநம்பிப் பாத்திரத்துக்குக்கூட நான் மைக் வைத்ததில்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.