ஐந்து பவுண்டு துப்பாக்கி, ஆறு பவுண்டு டிரிகர்

வணக்கம், நேயர்களே. நிலையத்திலிருந்து அழைத்தவர், "உங்கள் ரைபிள் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். வீட்டில் நான் இந்தப் பேச்சைப் பத்து நிமிடத்தில் நிறுத்தியதே இல்லையாம்.

ஓஹையோவுக்கு வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஊரில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தேன். அங்கே தரையில் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடும் ரைபிளில் சில தோட்டாக்கள் சுட்டதோடு சரி. இங்கே ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தன் கிளப்புக்கு அழைத்துப் போனார். அதே வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறியது. மாட்டிக்கொண்டேன்.

இப்போது கிளப்புக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சாதாரண டூ டூ ரைபிள் ஒன்று வாங்கிவிட்டேன், அதில் என்னென்ன மாற்றலாம்?" பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது ரூகர் கம்பெனியின் 10/22. 1964இல் வந்த மாடல், இன்றும் விற்கிறது. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின், தோளில் பதித்துப் பிடிக்கும் மரக்கட்டை, ஐந்து பவுண்டு எடை. இதன் பேரலை, அதாவது குண்டு ஓடும் குழலை, இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் உருவிவிடலாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எண் பொறித்த நடு உடல்தான் துப்பாக்கி. பேரலும் கட்டையும் வெறும் உதிரிபாகம், தபாலில் வரும். அதனால் இந்த ஒரு மாடலை நம்பியே ஒரு தனிச் சந்தை ஓடுகிறது. துப்பாக்கியில் ரூகர் என்ற பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். அங்கே இதைக் கழற்றி அதை மாட்டும் விளையாட்டு வேண்டாம்.

சரி, நானே செய்த முட்டாள்தனத்திலிருந்து தொடங்குகிறேன். ரைபிள் வாங்கிய மூன்றாம் மாதம், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கனத்த பேரல் வாங்கினேன். ரைபிளுக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி விலை. அது பழைய கட்டையில் உட்காரவில்லை. கட்டையில் பேரல் உட்காரும் பள்ளத்தை உப்புத்தாளால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து அகலப்படுத்தினேன். இவ்வளவுக்கும் பிறகு இலக்குத் தாளில் ஓட்டைகள் முன்பு போலவேதான் சிதறிக் கிடந்தன. பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். "இதையா போடுகிறாய்?" என்று கேட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து பத்துத் தோட்டா எண்ணிக் கொடுத்தார்.

முதல் நாலைந்து குண்டு எங்கெங்கோ போயின. மிச்சம் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடும் அளவுக்குள் விழுந்தன.

காரணம் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. சின்ன வயதில் தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடித்திருப்போம் இல்லையா? அந்த மாதிரி, தட்டினால் தீப்பிடிக்கும் மருந்து டூ டூ தோட்டாவின் அடிவிளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கிறது. ரிம்ஃபயர் என்று பெயர் வந்ததும் இதனால்தான். நசுங்கிய விளிம்பைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. டூ டூவைவிடப் பெரிய ரைபிள் வைத்திருப்பவர்கள் சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டாக் குப்பியில் தாங்களே மருந்தை நிறுத்துப் போட்டு, தங்கள் பேரலுக்குத் தோதாகத் தோட்டா செய்துகொள்வார்கள். நமக்கு அந்த வழி கிடையாது. கடையில் இருப்பதை வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் முதல் செலவு தோட்டாவில். ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலுக்குள் படிய அவ்வளவு ஆகும். மிதவேகத் தோட்டாவிலிருந்து ஆரம்பியுங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் அதிவேகம் என்று போட்டிருப்பது ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். பந்தயத் தோட்டாக்களை ஒலி வேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பது இதனால்தான். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல முடியாது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு ரைபிள்களுக்கு இரண்டு வாய் ருசி. பிடித்தது கிடைத்ததும், பெட்டியில் அச்சடித்திருக்கும் லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் நிறைய வாங்கி வைத்துவிடுங்கள். நல்ல அரிசி மூட்டை கிடைத்தால் அம்மா செய்வதுதான்.

அடுத்தது, பதினைந்து இருபது டாலர் கூட ஆகாத ஒன்று. ஸ்லிங், அதாவது வார். தோளில் மாட்டி நடப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டாளத்துப் பருத்தி வார் ஒன்றை வாங்கி, இடது புஜத்தின் மேல்பக்கம் வளையமாக மாட்டி இறுக்கிப் பாருங்கள். முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர் கீழே கொண்டுவந்து படுத்தால் எடை முழுவதும் வாரில் தொங்கும், தசைக்கு வேலையே இருக்காது. சரியாக இறுகியிருந்தால் உங்கள் நாடித் துடிப்புக்குத் தக்கபடி பேரல் நுனியில் இருக்கும் குறிமுள் மெல்லத் துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தூரக்கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ரைபிளைக் காலி செய்து, மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து அறைக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, மணல் மூட்டையின் மேல் வையுங்கள். 50 கெஜத்தில் ஒரு புள்ளியின் மேல் குறுக்குக் கோடு நிற்கட்டும். இப்போது துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். கோடு புள்ளியை விட்டு நகர்கிறதா? துப்பாக்கி அசையவில்லை, உங்கள் கண்தான் அசைந்தது; ஆனாலும் குறி மாறிவிட்டது. இதற்குப் பெயர் பேரலாக்ஸ். மான் வேட்டை ரைபிளுக்கான ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கெஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். டூ டூவுக்கென்று செய்வதை 50 கெஜத்துக்கு. தள்ளுபடியில் கிடைத்த பெரிய ஸ்கோப்பைவிட, 50 கெஜத்துக்குச் சரிசெய்த சின்ன ஸ்கோப் மேல்.

ஸ்கோப் வைத்ததும் இன்னொரு தொல்லை வரும். பழைய மரக்கட்டை திறந்த குறிமுள்ளுக்காகச் செதுக்கியது. ஸ்கோப் அதைவிட உயரத்தில் உட்காருவதால் கன்னம் கட்டையில் படாது, தலை அந்தரத்தில் நிற்கும். அதற்கென்று விற்கும் கட்டை நூற்றுக்கணக்கான டாலர். நான் பழைய யோகா பாயை வெட்டி, மூன்று மடிப்பு வைத்து டேப் சுற்றினேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஏழு வருடமாக அப்படியே இருக்கிறது.

என் மகளுக்குத் தொல்லை நீளத்தில். பதின்மூன்றரை அங்குலக் கட்டை அவள் கைக்கு எட்டாமல், முதுகை வில்லாக வளைத்து நின்று சுட்டாள். ஒரு அங்குலம் குட்டையான கட்டை மாற்றிக் கொடுத்தோம், அவ்வளவுதான். அடுத்த வாரமே என்னைவிட நன்றாகச் சுட்டாள். இதை வானொலியில் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

இப்போது டிரிகர். நான் மீன் நிறுக்கும் கொக்கித் தராசை வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன்: ஆலையிலிருந்து வந்தபடி என் டிரிகரை இழுக்க ஆறு பவுண்டு தேவைப்பட்டது. துப்பாக்கியின் எடையே ஐந்து பவுண்டுதான்! கையில் இருக்கும் பொருளை அதன் எடையை விட அதிகமான விசையில் இழுத்துக்கொண்டு, அது அசையக் கூடாது என்றால் எப்படி? பணம் கொடுத்து ஒரு பாகத்தை மாற்றுவது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இங்கேயும் அவசரம் வேண்டாம். சி.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற துப்பாக்கி சுடும் அமைப்பு ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் என்ற பந்தயத்தை நடத்துகிறது. எங்கள் மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி இருக்கிறது. கோடையில் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். சாதாரண ரைபிளோடு சாதாரண ஆள் கலந்துகொள்ளட்டும் என்பதற்காகவே வைத்த பந்தயம்தான் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர். 50, 25 கெஜ தூரங்களில் படுத்து, உட்கார்ந்து, நின்று அறுபது குண்டு, மொத்தம் 600 புள்ளி. ரைபிள் ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது. ஸ்கோப் ஆறு மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. மூன்று பவுண்டு எடை தொங்கினாலும் டிரிகர் விடாமல் தாங்க வேண்டும்.

அதே விதிகளை வைத்து எங்கள் கிளப்பில் நடந்த ஒரு பந்தயத்துக்கு, புது டிரிகரும் கனத்த பேரலுமாகப் பெருமையாகப் போனேன். சோதனை மேசையில் துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, மூன்று பவுண்டு எடைக்கல்லை டிரிகரில் மாட்டித் தூக்கினார்கள். க்ளிக். கல் தரையை விட்டு எழும்பக்கூட இல்லை. அடுத்து ரைபிளைத் தராசில் வைத்தார்கள், எட்டு பவுண்டுக்கு மேல். விதியைப் படிக்காமல் வாங்கியது என் தப்பு. அன்று மகளின் குட்டை ரைபிளைக் கடன் வாங்கிச் சுட்டேன். புள்ளியைக் கேட்காதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய 10/22இல் போல்ட்டை விடுவிக்க ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். பழகுவதற்குள் விரல் நகம் போகும். அதைச் சுலபமாக்கும் தகடு சில டாலர்தான், போடலாம். போல்ட் இடிக்கும் இடத்தில் போடும் ரப்பர் முளை, இடிக்கும் சத்தத்தைக் குறைக்கும், குறியைக் கூட்டாது. வண்ண வண்ணப் பித்தான்கள் உங்கள் விருப்பம். ஆனால் சுத்தம் செய்யும் கயிறு ஒன்று அவசியம் வாங்குங்கள். இந்த ரைபிளின் பின்பக்கம் மூடியிருப்பதால் கம்பியை வாய்ப்பக்கமிருந்துதான் விட முடியும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது அந்த வாயின் விளிம்பைத்தான். அங்கே கம்பி உரசித் தேய்ந்தால் எந்தத் தோட்டா போட்டும் பலனில்லை. கயிற்றை மேகசின் பக்கமிருந்து விட்டு உருவிவிடலாம்.

பேரலைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே லாட் தோட்டாவில் ஆயிரம் குண்டு சுட்டு, கணக்கு எழுதி வைத்து, இதற்கு மேல் ஓட்டைகள் நெருங்கவில்லை என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். என்னுடைய கனத்த பேரலைக் கழற்றிப் பழையதையே மாட்டிவிட்டேன். உப்புத்தாள் தேய்த்து அகலமான பள்ளத்தில் அது லொடலொட என்று ஆடாமல் நிற்கிறது என்றால், உள்ளே இரண்டு பக்கமும் அதே யோகா பாயின் துண்டுகள் இருக்கின்றன.