உங்க டேட்டாபேஸ் குப்பை வண்டிக்கு எந்தத் தெரு நாறுதுன்னே தெரியாது!

[திரை: கருப்பு. நடுவுல ஒரே ஒரு எரர் வரி.]

2015 ஜூலை. சென்ட்ரின்னு ஒரு சர்வீஸ். மத்தவங்க சாஃப்ட்வேர்ல வர்ற எரரைப் பிடிச்சுக் கொடுக்கிறதுதான் அவங்க பிழைப்பே. அவங்களே அமெரிக்க வேலை நேரத்துல பெரும்பகுதி படுத்துட்டாங்க. ஹேக்கிங் இல்ல, டிஸ்க் போகல. "இனிமே எதையும் எழுத மாட்டேன்"னு அவங்க டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான போஸ்ட்கிரெஸ் தானாவே கையைக் கட்டிக்கிச்சு.

வணக்கம் மக்களே! பின்னணியை வேகமா முடிச்சிடுறேன், ஓடிடாதீங்க. போஸ்ட்கிரெஸ்ல ஒரு ரோவை அப்டேட் பண்ணா பழசு அழியாது, புதுசா ஒண்ணு எழுதும். செத்த ரோவை அள்ளுறது வேக்கம். டிரான்சாக்‌ஷன் நம்பர் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொடுக்கிற வரிசை எண்) 32 பிட்டுங்கிறதால சுமார் 200 கோடியில முட்டிக்கும், சென்ட்ரி மாட்டினது இங்கதான். அதுக்குள்ள பழைய ரோவை ஃப்ரீஸ் பண்றதும், அதாவது "இதோட நம்பரை இனி பார்க்க வேண்டாம்"னு முத்திரை குத்துறதும், இதே வேக்கம்தான். தானா ஓடினா ஆட்டோவேக்கம். முடிஞ்சுது.

[திரை: மூணு குப்பை வண்டி.]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். டிஃபால்ட்டா மூணு ஒர்க்கர், அதாவது மூணு குப்பை வண்டி. டேட்டாபேஸ்தான் ஊர், டேபிள்தான் தெரு. எந்த ஊருக்கு முதல்ல போகணும்ங்கிறதுல போஸ்ட்கிரெஸ் உஷார்: நம்பர் தீரப்போற ஆபத்துல இருக்கிற டேட்டாபேஸுக்குத்தான் முன்னுரிமை. ஊருக்குள்ள நுழைஞ்சதும் அந்த அறிவு காணாமப் போயிடும்! எந்தெந்த டேபிளை அள்ளணும்னு லிஸ்ட் போடும், சரி. ஆனா வரிசை? 18-ஆம் பதிப்பு வரைக்கும், சிஸ்டம் கேட்டலாக்ல (டேபிள்களோட உள் பட்டியல்) எது முதல்ல கண்ணுல பட்டுதோ அது. நாத்தம் தாங்காத தெரு கடைசியில இருந்தா, முதல் தெருவுல நாலு காகிதத்தைப் பொறுக்கிட்டுதான் வண்டி அங்க வரும்.

லிஸ்ட்ல சேர்றதுக்கான கணக்கும் வேடிக்கை. 50 ரோ, கூடவே டேபிள்ல 20 சதவீதம். 100 ரோ உள்ள குட்டி டேபிளுக்கு 70 செத்த ரோ தாண்டினா வண்டி வந்துடும். 10 கோடி ரோ உள்ள ஆர்டர் டேபிளுக்கு? 2 கோடி சாகணும்! உங்களுக்குச் சோறு போடுறது எந்த டேபிள்னு சொல்லுங்க பாப்போம்.

உடனே ஒருத்தர் கமெண்ட்ல வருவார்: "ப்ரோ, ஒர்க்கரை பத்தாக்கிடுங்க." வேண்டாம் ப்ரோ. வேகத்துக்கான காஸ்ட் லிமிட் எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணுதான். வண்டி பத்தானாலும் டீசல் அதே டேங்க். லிமிட்டை ஏத்தாம ஒர்க்கரை ஏத்தினா பத்து வண்டியும் உருட்டிட்டுதான் போகும்.

[திரை: ஆல்டர் டேபிள், அதாவது டேபிளோட அமைப்பை மாத்துற கட்டளை.]

அதனால முன்னுரிமையை நாமதான் வைக்கணும். பெரிய, அடிக்கடி அப்டேட் ஆகுற டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை, அதாவது அந்த 20 சதவீதத்தை, 0.01-க்கு (1 சதவீதம்) இறக்குங்க. 10 கோடியில 10 லட்சம் செத்தாலே வண்டி கிளம்பிடும். ராத்திரி டிராஃபிக் குறையுற நேரத்துல, வயசு அதிகமான (கடைசியா ஃப்ரீஸ் பண்ணதுக்கு அப்புறம் நிறைய நம்பர் ஓடிப்போன) டேபிள்லேர்ந்து வரிசையா வேக்கம் ஓட்டுற ஒரு கிரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) போடுங்க. ஆட்டோவேக்கத்தை ஆஃப் பண்றது மட்டும் கூடவே கூடாது. ஆஃப் பண்ணாலும் வயசு 20 கோடியைத் தாண்டினா அது கிளம்பி வரும். அப்படி வர்றது சாதாரண நாள் மாதிரி உங்க ஆல்டர் டேபிளுக்கு வழி விட்டு ஒதுங்காது.

[திரை: டேபிள் வயசு காட்டுற குவெரி.]

வீடியோவை பாஸ் பண்ணிட்டு இதை ஓட்டுங்க. முதல் வரியில வர்ற வயசைக் கமெண்ட்ல போடுங்க. அது 100 கோடிக்கு மேல இருந்தா கமெண்ட், லைக் எல்லாம் அப்புறம். முதல்ல அந்த டேபிளுக்கு வேக்கம் ஓட்டுங்க.