ஜூலை வெயில்ல யூட்டா, அரிசோனா கேன்யன் சுத்து: மணி பாத்துப் போடுற பிளான்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ரோட்டுல இல்ல, மேசை மேல மேப்பை விரிச்சுட்டு உக்காந்திருக்கேன். லாஸ் வேகாஸ்ல கிளம்பி ஸயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், மோவாப், மானுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யனோட தெற்கு விளிம்பான சவுத் ரிம், திரும்ப வேகாஸ். மொத்தம் 1,200 மைல் பக்கம், அதாவது 1,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஸயான் வாசல்ல இருக்கிற ஸ்பிரிங்டேல் ஊர்ல ரெண்டு ராத்திரி, பிரைஸ்ல ஒண்ணு, கேபிடல் ரீஃப் பக்கத்து ஊர் டோரில ஒண்ணு, மோவாப்ல ரெண்டு, அப்புறம் மானுமென்ட் வேலி, பேஜ், சவுத் ரிம் ஒவ்வொண்ணு. ஆக 9 ராத்திரி. அவ்வளவு லீவு இல்லன்னா கேபிடல் ரீஃப், மோவாப், மானுமென்ட் வேலி மூணையும் வெட்டிட்டு, பிரைஸ்ல இருந்து கனாப் வழியா நேரா பேஜ் போயிடுங்க, மூணு மணி நேரத்துக்குள்ள வந்துடும். எல்லாத்தையும் அஞ்சு நாள்ல திணிச்சா, பாக்கிறது கேன்யன் இல்ல, முன்னாடி போற லாரியோட பின்பக்கம்தான்.

ஸ்கூல் லீவுலதான் போக முடியும்னு நிறைய பேர் ஜூலையில போறீங்க. போலாம், தப்பில்ல. ஆனா ஜூலையில நடக்கிறதுக்கு உதவுற நேரம் விடிஞ்சதுல இருந்து நாலு மணி நேரம், அப்புறம் சூரியன் சாயுற நேரம் கொஞ்சம். அவ்வளவுதான். நடுவுல இருக்கிற பொழுது வண்டி ஓட்ட, சாப்பிட, தூங்க. இன்னொண்ணு, வெயில் உச்சிக்கு வர்றது பகல் 12 மணிக்கு இல்ல, மத்தியானம் 3 மணிக்கு மேல. "லஞ்ச் முடிச்சிட்டு வெயில் தணிஞ்சதும் இறங்கலாம்"னு நினைக்கிறவங்க சரியா அந்த உச்சியில போய் மாட்டுறாங்க.

இப்ப கடிகாரக் கதைக்கு வருவோம், இந்த ட்ரிப்ல அதிகம் பேர் சறுக்குற இடம் இதுதான். வேகாஸ் இருக்கிற நெவாடால இருந்து யூட்டாக்குள்ள நுழைஞ்சதும் ஒரு மணி நேரம் போயிடும். கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிற வழக்கம் இருக்கே, அரிசோனா அப்படி மணியை மாத்தாது, அதனால அங்க ஜூலையில வேகாஸ் மணிதான். ஆனா பெரும்பகுதி அரிசோனாக்குள்ளயே இருக்கிற நவஹோ நேஷன், அதாவது நவஹோ பழங்குடி மக்களோட தன்னாட்சிப் பகுதி, மாத்தும். அதுக்குள்ள தீவு மாதிரி இருக்கிற ஹோப்பி பழங்குடிகளோட பூமி மாத்தாது! மானுமென்ட் வேலியில யூட்டா மணி, பேஜ் ஊர்ல அரிசோனா மணி. பேஜ்ல உங்க போன் எந்த டவரைப் பிடிக்குதோ அந்த மணியைக் காட்டும், ராத்திரில தானா ஒரு மணி நேரம் தாவும். அதனால பேஜுக்குள்ள வந்ததும் போன் செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக் டைமை அணைச்சிட்டு ஃபீனிக்ஸ்னு வச்சிடுங்க. பேஜ் பக்கத்துல நவஹோ பூமியில இருக்கிற குறுகலான பாறைச் சந்துதான் ஆன்டிலோப் கேன்யன், அங்க டூர் கம்பெனிங்க ஓட்டுறது பேஜ் மணியில. டிக்கெட் எடுக்கும்போதே அதை ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

சூரிய உதயமும் இதோட சேர்ந்து மாறும். ஜூலையில ஸயான்ல விடியறது கடிகாரப்படி 6:20 வாக்குல, கிராண்ட் கேன்யன்ல 5:20 வாக்குல. ஸயான்ல 5 மணி அலாரம் போதும்னா, சவுத் ரிம்ல அது 4 மணி அலாரம்.

ஸயான்ல பகல்ல 38 டிகிரியைத் தாண்டுறது சாதாரணம். சீசன்ல பள்ளத்தாக்கு ரோட்டுல சொந்த வண்டி விடமாட்டாங்க, இலவச ஷட்டில் பஸ்தான். முதல் பஸ்லயே ஏறிடுங்க, விசிட்டர் சென்டர் பார்க்கிங் காலையிலயே நிரம்பிடும். ஏஞ்சல்ஸ் லேண்டிங்ங்கிற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல்ல இருந்து லாட்டரி பர்மிட் வேணும். பிரைஸ் இதுக்கு நேர் எதிர். அதோட விளிம்பே 2,400 மீட்டருக்கு மேல, ஊட்டியை விட உயரம். பகல்ல 27 டிகிரி மாதிரிதான் இருக்கும், விடியக்காலம் ஸ்வெட்டர் கேக்கும். குழந்தைங்க வெயில்ல துவண்டு போயிருந்தா, ஸ்பிரிங்டேல்ல ஒரு ராத்திரியைக் குறைச்சு பிரைஸ்ல கூட்டிக்கோங்க.

அடுத்து மழை. பாலைவனத்துல மழையான்னு கேக்காதீங்க. ஜூன் நடுவுல ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும் அங்க மான்சூன், ஜூலை ஆகஸ்ட்ல மத்தியானத்துக்கு மேல இடி மழை கொட்டும். பாறையும் காஞ்சு இறுகின மண்ணும் தண்ணியைக் குடிக்காது, விழுந்ததெல்லாம் அப்படியே ஓடி குறுகலான சந்துக்குள்ள வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12, ஆன்டிலோப் கேன்யனோட ஒரு பகுதியான லோயர் ஆன்டிலோப்ல 11 பேர் இறந்துபோனாங்க. கொட்டின மழை அவங்க நின்ன இடத்துல இல்ல, மைல் கணக்குல தள்ளி மேல்பக்கம் பெஞ்சது. அதனால உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருக்கிறது கணக்கே இல்ல.

ஸயான்ல ஆத்துத் தண்ணிக்குள்ளயே நடந்து போற குறுகலான பள்ளத்தாக்கு நேரோஸ், அங்க போறவங்க, அன்னைக்குக் காலையில விசிட்டர் சென்டர்ல வெள்ள அபாய அளவைப் பாருங்க, நாலு படி இருக்கும். ஆத்துல ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினா அவங்களே மூடிடுவாங்க. உள்ள இருக்கும்போது தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கினாலோ, சுள்ளி, இலை மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் இரைச்சல் கேட்டாலோ உடனே மேட்டுல ஏறுங்க. வாசலை நோக்கி ஓடாதீங்க, வெள்ளம் உங்களை விட வேகம்.

கிராண்ட் கேன்யன்ல சிக்கல் வேற மாதிரி. மலையில களைப்பு வந்தா இறங்கிடலாம். இங்க முதல்ல இறக்கம், கால் ஓய்ஞ்சப்புறம்தான் ஏத்தம். சவுத் ரிம் 2,100 மீட்டர்ல சில்லுனு இருக்கும், ஆனா கீழ போகப் போக வெயில் ஏறிட்டே போகும், அடியில 40 தாண்டும். இறங்க எடுத்த நேரத்தை மாதிரி ரெண்டு மடங்கு ஏறுறதுக்கு ஒதுக்குங்க. பிரைட் ஏஞ்சல் பாதையில ஒன்றரை மைல் ரெஸ்ட்ஹவுஸ் இருக்கு, பெரும்பாலான குடும்பத்துக்கு அதுதான் திரும்புற இடம். காலை 10 மணில இருந்து 4 மணி வரைக்கும் பாதையில இருக்காதீங்கன்னு பார்க் சர்வீஸே சொல்லுது. பாதையில இருக்கிற தண்ணிக் குழாய் அடிக்கடி பழுதாகும், மேலயே விசாரிச்சிட்டு இறங்குங்க.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், 3.8 லிட்டர், வண்டியில இருக்கணும். நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர். ஆனா வெறும் தண்ணியையே குடிச்சிட்டிருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும். பாக்க நீர் வத்தினவங்க மாதிரியே இருக்கும், கூட இருக்கிறவங்க இன்னும் தண்ணியைக் கொடுத்து மோசமாக்குவாங்க. அதனால உப்பு வேணும். இங்க பாருங்க, கேமரா பக்கத்துல கொண்டு வரேன். ஒரு லிட்டர் பாட்டில், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். ஸ்பூன் மேல கத்தியால வழிச்சு விடுறேன் பாத்தீங்களா, குவிச்சு எடுத்தா உப்பு கூடிடும். வாயில வச்சா கண்ணீர் உப்பை விடக் கரிக்கக் கூடாது. கரிச்சா கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க. முறுக்கு, வறுத்த வேர்க்கடலை கையில இருந்தா ரொம்ப நல்லது, சாக்லேட் உருகிக் குழம்பாயிடும்.

வண்டி. டயர் பக்கச் சுவர்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிசையில கடைசி நாலு எண், இதுல 2319. 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. டயர் மேல பட்டன் தேயாம நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, ஆறு வருஷம் தாண்டின டயரை ஒரு கடையில காட்டாம இந்த வெயில்ல ஓட்டாதீங்க. காத்து காலையில, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அளக்கணும், டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற அளவுதான் சரி. 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினா 1 பிஎஸ்ஐ ஏறும், அதனால காலையில 35 இருந்தது மத்தியானம் 40 காட்டும். ஐயோன்னு இறக்கி விடாதீங்க! காத்து குறைஞ்ச டயர்தான் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். டிக்கி அடியில ஸ்டெப்னி இருக்கான்னும் பாருங்க, இப்ப நிறைய வண்டியில பஞ்சர் கிட் மட்டும்தான் வருது, சுவர் கிழிஞ்சா அது உதவாது.

யூட்டா பெட்ரோல் பங்க்ல விலை கம்மியான பெட்ரோல் பட்டன்ல 85 ஆக்டேன்னு போட்டிருக்கும். பெரும்பாலான கார் மேனுவல் கேக்கிறது குறைஞ்சது 87, அதைப் போடுங்க. பாதி டேங்க் வந்ததும் நிரப்பிடுங்க. கிரீன் ரிவர்ல இருந்து மேற்கே ஸலைனா வரைக்கும் ஐ-70 ஹைவேல 100 மைலுக்கு மேல ஒரு பங்க் கிடையாது. ஏத்தத்துல டெம்பரேச்சர் முள் ஏறினா ஏசியை அணைச்சு ஹீட்டரை முழுசா வைங்க. கொடுமையாத்தான் இருக்கும், ஆனா இன்ஜின் சூடு வெளியேறும். அப்புறம் ஓரம் கட்டுங்க, ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீங்க. ஹைவே 12ல எஸ்கலான்டி தாண்டி ஹாக்ஸ்பேக்னு ஒரு முதுகு வரும், ரெண்டு பக்கமும் பள்ளம், தடுப்பு கிடையாது. அங்க பகல்ல போங்க. இருட்டினா மாடும் மானும் ரோட்டுல நிக்கும்.

நுழைவுக் கட்டணம் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஒவ்வொண்ணுக்கும் காருக்கு 35 டாலர், அதனால 80 டாலர் வருஷ பாஸ்தான் லாபம். ஆனா 2026ல இருந்து அந்த விலை அமெரிக்காவில வசிக்கிறவங்களுக்கு மட்டும், வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு 250. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா முதல்லயே விசாரிங்க. நவஹோ இடங்கள்ல இந்த பாஸ் செல்லாது, மானுமென்ட் வேலிக்குத் தனியா ஆளுக்குக் கட்டணும். அங்க 17 மைல் சுத்துப் பாதை மண் ரோடு. வாடகைக் கார் ஒப்பந்தத்துல மண் ரோடு கூடாதுன்னு இருந்தா அங்க உள்ளூர் கைடோட ஜீப்ல ஏறுங்க. நவஹோ பூமியில மது வச்சிருக்கிறதே குற்றம், வேகாஸ்ல வாங்கினதை டிக்கியில போட்டுட்டுப் போகாதீங்க.

கடைசி நாள் சவுத் ரிம்ல இருந்து வேகாஸ் 280 மைல், நாலரை மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினா கிங்மேன் தாண்டின இறக்கத்துல வர்ற அடுப்புச் சூட்டுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடலாம். அன்னைக்கு மட்டும் கடிகாரத்தைத் தொட வேண்டாம், கோடையில அரிசோனாவுக்கும் நெவாடாவுக்கும் ஒரே மணி. காரைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்துல குழப்பம் வராது.