கவரில் போன ரத்தக் குப்பி

அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு என்றதும் எல்லாருக்கும் அந்தக் கையுறைதான் ஞாபகத்துக்கு வரும். நீங்களும் அதைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். சரி, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

1994 ஜூன் 12 இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோலும் ரான் கோல்ட்மேன் என்ற இளைஞரும் கத்தியால் கொல்லப்பட்டார்கள். சம்பவ இடத்தில் ஒரு கையுறை, சிம்ப்சன் வீட்டில் அதன் ஜோடி. அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் டார்டன், ஜூரி முன்னால் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டார். சிம்ப்சன் கையில் ஏற்கெனவே மெல்லிய ரப்பர் உறை. இழுக்கிறார், இழுக்கிறார், தோல் உறை ஏறவில்லை. அவர் சினிமாவிலும் நடித்தவர் என்பது டார்டனுக்கு மறந்துபோயிற்று போல. பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று சீனியர்கள் முதல் வாரமே சொல்வார்களே, அதேதான். சிம்ப்சனின் வழக்கறிஞர் ஜானி காக்ரன் இறுதி வாதத்தில் இதை எதுகையோடு சொல்லிப் பெயர் வாங்கினார்.

என்னைக் கேட்டால், வழக்கு அங்கே ஜெயிக்கவில்லை. போலீஸுக்காகத் தடயம் சேகரித்த டென்னிஸ் ஃபங்கை, சிம்ப்சன் தரப்பின் இன்னொரு வழக்கறிஞர் பேரி ஷெக் நாள்கணக்காகக் குடைந்தாரே, அங்கே ஜெயித்தது. அத்தனையும் தூக்கம் வரவழைக்கும் கேள்விகள். ரத்தம் ஒற்றியதை எந்தப் பையில் போட்டீர்கள்? வண்டியில் எவ்வளவு நேரம் கிடந்தது? நம் ஊரில் மகஜர் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) சாட்சியிடம், சீல் வைத்தது யார் என்று கேட்போமே, அந்த ரகம்.

அதில்தான் குப்பி வந்தது. ஜூன் 13 அன்று சிம்ப்சனிடம் எடுத்த ரத்தத்தைத் துப்பறியும் அதிகாரி வன்னேட்டர் ஆய்வகத்தில் ஒப்படைக்கவில்லை. கவரில் போட்டு, காரில் எடுத்துப் போய், சிம்ப்சன் வீட்டில் வேலையாக இருந்த ஃபங்கிடம் கொடுத்தார். யாருடைய ரத்தத்தைத் தேடுகிறார்களோ அவருடைய ரத்தமே குப்பியில் அந்த வீட்டுக்குள் போகிறது! எடுத்தது 8 மில்லி என்றார் நர்ஸ். கணக்கில் சுமார் 1.5 மில்லி உதைத்தது. அதைப் போலீஸே தடயங்களில் தெளித்திருக்கலாமே என்பதுதான் வாதம். டிஎன்ஏ சொன்ன எண்களோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை, ரத்தம் போன வழி போதும். எட்டு மாதம் நடந்த விசாரணைக்கு ஜூரி நாலு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 1995 அக்டோபர் 3, விடுதலை.

அப்புறம், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் சிம்ப்சன் மேல் போட்ட சிவில் வழக்கு. கிரிமினல் விசாரணையில் கூண்டேறாத சிம்ப்சன் இங்கே ஏறித்தான் ஆக வேண்டும். சம்பவ இடத்தில் பதிந்திருந்தது புரூனோ மாலி என்ற இத்தாலிய ஷூவின் தடம். அந்த அசிங்கமான ஷூவை நான் வாங்கவே மாட்டேன் என்று பிரமாணத்தின் மேல் சொல்லியிருந்தார். 1993-ல் ஒரு கால்பந்து மைதானத்தில் அவரை எடுத்த படங்கள் வந்தன, ஒன்றிரண்டல்ல, முப்பதுக்கு மேல். காலில் அதே ஷூ. 1997-ல் அவர் தர வேண்டும் என்று விதித்த நஷ்டஈடு 3 கோடியே 35 லட்சம் டாலர்.

கோல்ட்மேன் குடும்பத்துக்காக வாதாடியவர் டேனியல் பெட்ரோசெல்லி. இந்தப் பெயரை இதற்குமுன் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.