அடித்த கைக்கு யார் மருந்து போடுவது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்த விழாவைத் தன் வீட்டு விசேஷமாக எடுத்து நடத்தும் செயலாளர் அம்மையார் அவர்களே, தமிழ்ப்பள்ளி முதல்வர் ஐயா அவர்களே, விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட எலும்பு மருத்துவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்தி வாழ்த்திய பெரியவர் அவர்களே, ஒலிபெருக்கியைச் சீர்செய்து தந்த தம்பிகளே, பின்வரிசையில் சிவப்புச் சட்டையோடு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே, இன்னும் பந்தி வேலையில் இருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கின் தொழில், அந்தத் தொழிலில் அணி அணியாக அலைந்த ரஹீம் மோஸ்டர்ட்டின் வாழ்க்கை, பள்ளி அணியில் ஆடும் நம் பிள்ளைகளின் பயிற்சி என்று மூன்று தலைப்புகள் தந்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரு பழமொழியில் கட்டலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

முதலில் தொழில். இவர்கள் அதிகம் ஆடும் ஆட்டமுறைகளில் ஒன்று அவுட்சைடு சோன். முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடுப்பாளர்களும் ஒரே பக்கமாக நகர்வார்கள். ரன்னிங் பேக்கும் அதே பக்கம் ஓடத் தொடங்கி, எதிரணியின் ஓரத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். அவர் உள்ளே அடைபட்டால் வெளிப்பக்கம் ஓடலாம். அவர் வெளியே விரிந்தால் அவருக்கு உள்ளே இருக்கும் இடைவெளி. எல்லோரும் அடித்துப் பிடித்து ஒரே திசையில் ஓடிவந்தால், வந்த பக்கமே வெட்டித் திரும்ப வேண்டும். ஒரே ஒரு வெட்டுதான். வழி எது என்று இரண்டு மூன்று முறை காலை மாற்றி வைத்தால், பின்னால் தடுக்கப்படாமல் விடப்பட்ட ஆள் வந்து இடுப்பைப் பிடித்துவிடுவார்.

அடுத்தது பந்தைப் பிடித்திருப்பது. பந்தின் கூர்முனையை விரல்கள் மூட வேண்டும். முன்கை, மேற்கை, விலா எலும்பு என மூன்று இடத்தில் பந்து அழுந்தியிருக்க வேண்டும். எதிராளி வலப்பக்கம் வந்தால் பந்து இடக்கையில். கூட்டத்துக்கு நடுவில் கை மாற்றும்போதும், இன்னும் அரை யார்டு கிடைக்குமே என்று பந்தை நீட்டும்போதும்தான் பெரும்பாலும் நழுவுகிறது. அணியில் நிலைபெறாதவருக்கு இரண்டு முறை நழுவினாலே வேலை ஆட்டம் காணும்.

மூன்றாவதை ரசிகர்கள் கவனிப்பதே இல்லை. குவாட்டர்பேக் பந்தை வீசும் ஆட்டங்களில், அவரைத் தாக்க ஓடிவரும் நூற்றுப் பத்து கிலோ ஆளை ரன்னிங் பேக் நின்று தடுக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே பார்வையை ஓட்டி, யார் வருகிறார் என்று கண்டுபிடித்து, முன்னேறிப் போய் மோத வேண்டும். நின்ற இடத்திலேயே காத்திருந்தால், மோதல் குவாட்டர்பேக்கின் மடியில் நடக்கும். இளம் ரன்னிங் பேக்குகள் பலர் பெஞ்சில் உட்காருவது ஓடத் தெரியாமல் அல்ல, இது தெரியாமல்தான்.

இப்போது மோஸ்டர்ட். புளோரிடாவின் நியூ ஸ்மர்னா பீச்சில் 1992 ஏப்ரலில் பிறந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் தடகள வீரராகவும் பெயர் வாங்கியவர். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்ட்டில் ஏழு சுற்றிலும் அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை. பிலடெல்பியா ஈகிள்ஸ் சேர்த்துக்கொண்டு விடுவித்தது. அங்கிருந்து மயாமி, பால்டிமோர், கிளீவ்லாண்ட். 2016 செப்டம்பரில் அங்கும் விடுவித்தார்கள். பிறகு நியூயார்க் ஜெட்ஸ், சிகாகோ பேர்ஸ். 2016 நவம்பர் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. ஏழு அணிகளின் வாசலைப் பார்த்தாகிவிட்டது.

விடுவிப்பது என்றால் என்ன நடக்கிறது? பயிற்சி முகாமுக்கு ஓர் அணி 90 பேரை அழைக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் 53 ஆகக் குறைக்க வேண்டும். என்.எஃப்.எல். எனும் தொழில்முறை லீக்கின் 32 அணிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 1,180 பேர் அப்போது வேலை இழக்கிறார்கள். நான்கு பருவம் நிறையாதவர் வேவர் பட்டியலுக்குப் போவார். வேறோர் அணி விரும்பினால், வீரரின் சம்மதம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்காவிட்டால் பிராக்டிஸ் ஸ்குவாட்டில் இடம் கிடைக்கலாம். மோஸ்டர்ட் அலைந்த காலத்தில் அங்கே பயிற்சி எல்லாம் உண்டு, ஆட்டம் மட்டும் இல்லை. 2015இல் அதற்கு வாரக் குறைந்தபட்ச ஊதியம் 6,600 டாலர். அதே ஆண்டு 53 பேரில் ஒருவராக இருந்த புதுமுக வீரருக்குக் குறைந்தபட்சம் 4,35,000 டாலர். 17 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 25,500க்கு மேல். முதுகு ஒன்றுதான், மோதல் ஒன்றுதான், கூலி நான்கில் ஒன்று.

மோஸ்டர்ட் தன்னை விடுவித்த தேதிகளையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அந்தப் பட்டியலைப் படிப்பதாக அவரே பேட்டிகளில் சொன்னார். அணியில் அவரைத் தங்கவைத்தது பந்து ஓட்டம் அல்ல, ஸ்பெஷல் டீம்ஸ். எதிரணிக்குப் பந்தை உதைக்கும்போது ஓரத்தில் நின்று, மறிக்க வரும் இருவரையும் தாண்டி ஓடி, பந்து விழும் இடத்தில் முதல் ஆளாக நிற்கும் வேலை. அதற்கென்று சட்டை வாங்கும் ரசிகர் எவரும் இல்லை. ஆனாலும் செய்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்!

அம்மி நகர்ந்த நாளை விரிவாகச் சொல்லாமல் போனால் பின்வரிசைத் தம்பிகள் என்னை விடமாட்டார்கள். 2020 ஜனவரி 19. சான்டா கிளாராவின் லீவைஸ் மைதானம். எதிரே கிரீன் பே பேக்கர்ஸ். வென்றால் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். முந்தின வாரம் மின்னசோட்டாவுக்கு எதிராக நூறு யார்டுக்கு மேல் ஓடி, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டும் டச்டவுன் இரண்டு அடித்தவர் அதே அணியின் டெவின் கோல்மன். மோஸ்டர்ட் அன்று இரண்டாமவர்.

முதல் கால் பகுதி. நான்கு முயற்சியில் மூன்றாவது, பந்தைத் தக்கவைக்க இன்னும் தேவை எட்டு யார்டு. இந்த இடத்தில் எந்த அணியும் பந்தை வீசும். பேக்கர்ஸ் அதற்குத் தயாராக விரிந்து நிற்கிறார்கள். பயிற்சியாளர் கைல் ஷனஹன் ஓட்டத்தை அழைக்கிறார்! எதிராளியை உள்ளே வரவிட்டு, பக்கவாட்டிலிருந்து வந்து இடித்துத் தள்ளும் ட்ராப். நடுவில் வாசல் திறக்கிறது. மோஸ்டர்ட் நுழைகிறார். 36 யார்டு, கோட்டைத் தாண்டும்வரை நிற்கவில்லை. டச்டவுன்!

இரண்டாம் கால் பகுதியில் கோல்மன் தோளில் அடிபட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப்படுகிறார். இனிப் பாரம் முழுவதும் ஒருவர் தோளில். ஒன்பது யார்டில் இரண்டாவது டச்டவுன். பதினெட்டு யார்டில் மூன்றாவது. இடைவேளைக்கு 27க்குப் பூஜ்யம். மோஸ்டர்ட் மட்டும் 160 யார்டு. திரும்பி வந்து 22 யார்டில் நான்காவது. குவாட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ அன்று முழுக்க வீசியது எட்டே எட்டு முறை. வேலை செய்துகொண்டிருக்கும் வழியை எதற்கு மாற்ற வேண்டும்? 29 ஓட்டம், 220 யார்டு, 4 டச்டவுன். வெற்றி 37க்கு 20. பருவ இறுதி நாக் அவுட் சுற்றான பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் 200 யார்டும் நான்கு ஓட்ட டச்டவுனும் சேர்ந்து எடுத்தவர் என்.எஃப்.எல். வரலாற்றில் அதற்கு முன் எவரும் இல்லை. யார்டுக் கணக்கில் அவருக்கு மேலே இருந்தவர் ஒருவரே, 248 எடுத்த எரிக் டிக்கர்சன்.

ஆறு அணிகள் வேண்டாமென்று அனுப்பிய மனிதர் இவர். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்.

சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியிடம் 31க்கு 20 என்று தோற்றார்கள். அதைக் கடந்து போவோம். நான் சொல்ல வந்தது வேறு.

அம்மி நகர்ந்தது சரி. அடித்த கை என்ன ஆயிற்று? 2018 நவம்பரில் மோஸ்டர்ட்டின் முன்கை எலும்பு முறிந்தது. 2020இல் முழங்காலும் கணுக்காலும். 2021இன் முதல் ஆட்டத்தில் இரண்டே முறை பந்தைத் தொட்டார். முழங்கால் குருத்தெலும்பு பெயர்ந்து அந்தப் பருவமே முடிந்தது. அவர் மீண்டு வந்தார். ஃபார்ட்டி நைனர்ஸில் ஓட்டப் பிரிவை வகுத்த மைக் மெக்டேனியல் மயாமிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனபோது இவரையும் அழைத்துக்கொண்டார். 2023இல், 31 வயதில், 1,012 யார்டும் 18 ஓட்ட டச்டவுனும் எடுத்தார்; ஓட்ட டச்டவுனில் அந்த ஆண்டு அவரே முதல். 2025 பிப்ரவரியில் அதே மயாமி அவரை விடுவித்தது.

ரன்னிங் பேக் ஊதியம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் நட்சத்திர ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியைப் பேசுகிறார்கள். 2023இல், அணி ஒரு வீரரை ஓராண்டு ஒப்பந்தத்தில் பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் ஊதியம் இந்த இடத்துக்கு 1 கோடியே 91 ஆயிரம் டாலர் என்று நின்றதும், ஜூலையில் ரன்னிங் பேக்குகள் காணொளியில் கூடிக் குறை பேசியதும் செய்தியானது. பார்க்லி ஈகிள்ஸுக்குப் போய் 2024இல் 2,005 யார்டு ஓடினார், பட்டமும் வென்றார். நல்லது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கூட்டத்தில் இடமே இல்லாதவர்களுக்காகத்தான் நான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

விதி இப்படி இருக்கிறது. ஒரு பருவத்தில் குறைந்தது மூன்று ஆட்டங்களுக்கு முழு ஊதியப் பட்டியலில் இருந்தால் ஒரு பருவம் கணக்கில் சேரும். அப்படி மூன்று பருவம் சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை. ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு மருத்துவக் காப்பீடும் அவர்களுக்குத்தான். பிராக்டிஸ் ஸ்குவாட் வாரங்கள் பொதுவாக அந்தக் கணக்கில் வராது. ரன்னிங் பேக்கின் சராசரி ஆட்டக்காலம் மூன்றாண்டைக் கூடத் தொடுவதில்லை என்று வீரர்கள் சங்கம் பல காலமாகச் சொல்லி வருகிறது. வாசற்படியை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! இரண்டு பருவம் ஆடி, முழங்கால் போய், 24 வயதில் வீடு திரும்பும் பிள்ளை எந்தக் காப்பீட்டில் அறுவை சிகிச்சைக்குப் பின்னான பத்தாண்டு வலியைப் பார்ப்பான்? ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு அணி சிகிச்சை தரும், உண்மை. மூட்டுத் தேய்மானம் ஆட்டத்தோடு நிற்பதில்லை. மருத்துவர் அம்மா இங்கே இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பயிற்சி பற்றியும் அவர்கள் பேசுவதே பொருத்தம்.

உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்குமான இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2030 பருவத்தோடு முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் மருத்துவக் காப்பீட்டுக்கான மூன்று பருவத்தை ஒன்றாக்க வேண்டும்; பிராக்டிஸ் ஸ்குவாட் வாரங்களையும் அதில் எண்ண வேண்டும்; ஐந்தாண்டு வரம்பை மூட்டு, முதுகு, தலைக் காயங்களுக்கு நீக்க வேண்டும். பருவச் சீட்டு வாங்குகிறோம், சட்டை வாங்குகிறோம், நம் பணமும் அந்த மைதானத்தில் இருக்கிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது ரசிகர்களுக்கும் பொருந்தும்.

இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிச் செயலாளர் அம்மையாரிடம் தந்திருக்கிறேன். ஒரு பிரதி வீரர்கள் சங்கத்துக்கும் ஒரு பிரதி அணி நிர்வாகத்துக்கும் போகும். தலைவர் ஐயா அனுமதித்தால் பந்திக்கு முன்பே வாசித்து ஒப்புதல் கேட்கலாம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.