சாறா, குடிநீரா?

நேயர்களுக்கு வணக்கம்.

பூக்கடைப் பக்கம் போனால் பல நேரம் மல்லிகைக்கு முன்னால் மரிக்கொழுந்து வாசனைதான் மூக்கில் ஏறும். தாவரவியலில் அது ஆர்ட்டிமீசியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தில் சீனாவில் ஒரு பங்காளிச் செடி இருக்கிறது. அங்கே அதற்குச் சிங்ஹாவ் என்று பெயர். யாரும் தலையில் வைப்பதில்லை, காய்ச்சலுக்குக் கொடுத்துவந்தார்கள். இன்றைய மலேரியா மருந்துகளில் முதன்மையான ஆர்ட்டிமிசினின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான்.

வியட்நாம் போர்க் காலம். வட வியட்நாம் வீரர்களை மலேரியா படுத்தி எடுத்தது. வழக்கமாகக் கொடுக்கும் குளோரோகுயின் அங்கே பலிக்காமல் போயிருந்தது. அவர்கள் உதவி கேட்க, சீன அரசு 1967 மே 23 அன்று ஒரு ரகசிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. மே மாதம் 23 என்ற தேதியையே பெயராக்கி 523 என்றார்கள். 1969-இல் பெய்ஜிங்கில் ஒரு குழுவின் பொறுப்பு டூ யூயூ என்ற பெண்மணியிடம் வந்தது. வயது 38. மருந்தியல் படித்தவர். முனைவர் பட்டம் கிடையாது, வெளிநாட்டில் படித்ததும் கிடையாது.

பழைய ஏடுகளைப் புரட்டியும் வைத்தியர்களை விசாரித்தும் சுமார் 2000 குறிப்புகளைச் சேர்த்தார்கள். அதில் 640-ஐத் தேர்ந்து தொகுத்தார்கள். ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாரங்களை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் ஒரு முறை நன்றாக வேலை செய்தது, 68 சதவீதம் வரை கிருமியை அடக்கியது. அடுத்த முறை 40, அதற்கடுத்து 12. ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஒரேயடியாகப் பலிக்காத மருந்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒருநாள் பலித்து மறுநாள் கைவிடுவதை என்ன செய்வது?

அவர் மறுபடி ஏட்டுக்குத்தான் போனார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய அவசர மருத்துவக் குறிப்பேடு. அதன் சீனப் பெயரில் 'முழங்கைக்குப் பின்னால்' என்று வருகிறது, சட்டைக் கைக்குள் செருகி எடுத்துப்போகலாம் என்று அர்த்தம். நம்மூரில் மடியில் முடிந்துகொள்கிற மாதிரி. அதில் ஒரு வரி: கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றை முழுக்கக் குடி. ஷெங் என்பது நம் படி, ஆழாக்கு மாதிரி ஒரு பழைய அளவு.

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். அடுப்பு இல்லை! சீன மூலிகை என்றாலே கொதிக்கவைத்துக் கொடுப்பதுதான் வழக்கம், இங்கே மட்டும் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறது. நம் சித்த மருத்துவத்திலும் பிழிந்தெடுக்கும் சாறு வேறு, காய்ச்சி எடுக்கும் குடிநீர், அதாவது கஷாயம் வேறு. உள்ளுக்குக் கொடுக்கும் அக மருந்துகள் முப்பத்திரண்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. இந்தப் பாகுபாட்டைப் பாட்டி காலத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துத்தான் நானே பல வருடம் மாணவர்களுக்கு ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சூடு பட்டால் மருந்து கெட்டுப்போகிறதோ என்று டூ யூயூவுக்குத் தோன்றியது. ஏட்டில் சொன்னபடி தண்ணீரில் ஊறவைத்துவிட்டு அவர் நிற்கவில்லை. அந்த மருந்து தண்ணீரில் கரைய மறுக்கும் ரகம். அதனால் ஈதர் என்ற கரைப்பானை எடுத்தார். ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் கண்ணெதிரே காணாமல் போகும். அவ்வளவு குறைந்த சூட்டில் இலையின் சாரத்தைப் பிரித்தார், அதிலும் நச்சான அமிலப் பகுதியைக் கழித்துவிட்டார். 1971 அக்டோபர் 4 அன்று சோதித்த 191-ஆம் மாதிரி எலிகளிடம் நூற்றுக்கு நூறு பலித்தது.

கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. மருந்துத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய ஜாடிகளில் ஈதரை ஊற்றி இலையை ஊறப்போட்டார்கள். அறையில் போதிய காற்றோட்டம் கிடையாது, அவருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் 1972-இல் அவரும் சகாக்கள் இருவரும் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 2015-இல் நோபல் பரிசு வந்தது, அதைப் பத்திரிகையில் எல்லோரும் படித்தீர்கள்.

பத்திரிகைகள் அதிகம் சொல்லாத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. சிங்ஹாவ் என்ற பெயரில் புழங்கிய செடி ஒன்றல்ல. தாவரவியலார் அந்தப் பெயரைக் கொடுத்திருந்த செடியில் ஆர்ட்டிமிசினின் கிடையாது! மருந்து இருந்தது ஆர்ட்டிமீசியா ஆனுவா என்ற இன்னொன்றில். அதிலும் இலையில்தான், அதுவும் பூக்கும் முன் பறித்த இலையில். பெய்ஜிங் பக்கம் விளைந்ததில் குறைவு, சிச்சுவான் மாகாணத்து இலையில் நிறைய.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கம், பிரஸ்ஸல்ஸில் ஓர் உடல் இளைப்பு மருத்துவமனை. கொடுத்த மாத்திரையில் ஃபாங்ஜி என்ற சீன வேர் சேர வேண்டும். அந்தப் பெயருக்கு இரண்டு வேர்கள் உண்டு. சேர வேண்டியதற்குப் பதிலாகச் சேர்ந்தது அரிஸ்டலோக்கியா இனத்து வேர். பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, டயாலிசிஸ், மாற்று அறுவைச் சிகிச்சை என்று அலைந்தார்கள். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டலோக்கிக் அமிலம். நம் ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்துச் செடிகள்தான். 'இயற்கை, பக்கவிளைவே இல்லை' என்று விளம்பரத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

ஆர்ட்டிமிசினின் கதையைக் கேட்டுவிட்டு அந்த இலையைத் தேநீராகப் போட்டுக் குடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். ஒரு கோப்பையில் எவ்வளவு மருந்து இறங்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. அரைகுறை அளவு கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிமிசினின் வகை மருந்தை இன்னொரு மருந்தோடு சேர்த்து, பெரும்பாலும் நிறுத்து அளந்த மாத்திரையாகக் கொடுக்கிறார்கள்.

நான் வகுப்பில் ஒரு வேலை செய்வதுண்டு. நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி ஒரு கட்டு வாங்கிவந்து மேசையில் அவிழ்த்துப் போடுவேன். இலையடியையும் காயையும் லென்ஸில் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் பிரித்துப் போடுவார்கள். ஒரு தடவை மூன்று குவியல் சேர்ந்தது. மறுநாள் அந்த மூன்றையும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் கீழாநெல்லிதானே, சார்?" என்றார்.

நன்றி, வணக்கம்.